புதுப்பிப்பு: பவர் டேபிள் யூனிட் போடலாமா என்று கேட்டிருந்தேனே

திருப்பூரில் ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகப் பவர் டேபிள் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் கூடம்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "தைரியம் இருந்தால் இறங்கு" என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். நன்றி. ஆனால் தைரியத்துக்குக் குறைவில்லை.

இப்போதைக்கு வேலையை விடவில்லை. மெஷின் விலை காரணமல்ல. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் எல்லாம் செகண்ட் ஹேண்டிலேயே கிடைக்கும். இடிப்பது சனிக்கிழமைதான். இந்த ஊரில் டெய்லர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம். தைத்துக் கொடுத்த பில்லுக்கோ பணம் எப்போது வரும் என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டிதான் முடிவு செய்வார். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவுள்ள சிறு யூனிட்டுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டி நிலுவை வைத்தால் வருமான வரிக் கணக்கிலும் அவர்களுக்குச் சிக்கல். சரி, முதல் ஆர்டர் கொடுத்தவரிடம் போய்ச் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வருமா?

அதனால் இரண்டு மாதக் கூலியும் வாடகையும் தனிக் கணக்கில் சேர்ந்த பிறகுதான் ராஜினாமா. மெஷினுக்கு லோன் போடலாம், கூலிக்குக் கைக்காசுதான் வேண்டும். "ஆஃப் சீசனில் என்ன செய்வீங்க?" என்று மனைவி கேட்டாள். அதற்கு உள்ளூர் பனியன் பார்ட்டி ஒருவரிடம் பேச்சு நடக்கிறது.

காங்கயம் ரோடு பக்கம் த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷனோடு சின்ன ஷெட் இருந்தால் சொல்லுங்கள்.