அப்பாவுக்கு மின்வாசிப்பான் வாங்கலாமா? தம்பி டிசம்பரில் வருகிறான்

நாலாம் மாடி எழுதியது:

வணக்கம். தம்பி டொரொண்டோவிலிருந்து டிசம்பர் நடுவில் வருகிறான். "அக்கா, என்ன கொண்டு வர?" என்று கேட்டான். வழமையாக ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த முறை என்ன நினைத்தேனோ, "அப்பாவுக்குப் புத்தகம் வாசிக்கிற அந்தப் பலகை ஒன்று" என்று சொல்லிவிட்டேன். அவன் உடனே எந்தக் கம்பனி, எத்தனை அங்குலம் என்று கேட்கத் தொடங்கிவிட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இங்கே வந்தேன்.

அப்பாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இரண்டு கண்ணுக்கும் கற்றராக்ட் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. பெரிய எழுத்தென்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாக வாசிப்பார். போனைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கண் கூசுகிறது என்று திருப்பித் தந்துவிடுவார்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம், நாலாம் மாடி. காற்று அருமை, புத்தகங்களுக்கு எமன். எண்பதுகளில் அச்சான புத்தகங்களை இப்போது திறந்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி துளைபோட்டு வைத்திருக்கிறது. போன வருடம் மூன்று பெட்டி எறிந்தோம். அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

அவர் வாசிக்க விரும்புவது இரண்டு வகை. ஒன்று, பழைய ஈழத்துச் சிறுகதைகள், பழைய மல்லிகை இலக்கிய இதழ்கள். எறிந்ததில் பாதி அவைதான். இவற்றில் நிறைய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2005இலிருந்து அந்தப் பிள்ளைகள் ஸ்கேன் பண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கோவில் கட்டலாம். ஆனால் எல்லாம் பக்கத்தின் படம். போனில் விரலால் விரித்து விரித்துப் பார்த்தால் அரை வரி தெரியும், மீதி வரி வெளியே போய்விடும். "இது வாசிப்பில்லை, தேடுதல்" என்றார் அப்பா.

மற்றது தமிழ்நாட்டில் வருகிற புது நாவல்கள். கடைசியாக வாங்கியதன் பின்னட்டையில் 350 இந்திய ரூபா, முன்னட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 1,900. மாதம் ஒன்றுக்கு மேல் கட்டாது.

அமேசனின் மின்வாசிப்பான் கிண்டிலின் சாதாரண மொடல் அமெரிக்காவில் 110 டொலர், அதற்கு மேல் மொடலான பேப்பர்வைட் 160 டொலர் என்று பார்த்தேன். டொலருக்கு 300 ரூபா வைத்தால் 33,000, 48,000. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், விரல் தானாகக் கல்குலேற்றருக்குப் போகிறது: 48,000க்கு அந்த 1,900 ரூபாப் புத்தகம் 25 வாங்கலாம். அப்பா 25 புத்தகத்தை ஒரு வருடத்தில் முடித்துவிடுவார். ஆக, ஒரு வருடத்தில் காசு திரும்பிவிடுமா, அல்லது மேசை லாச்சிக்குள் போய்விடுமா? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

கரையோர ரயில் எழுதியது:

அக்கா, நான் தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு தினமும் ரயிலில் போகிறவன். 2019இலிருந்து பேப்பர்வைட் பாவிக்கிறேன். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வாசிக்கலாம். இருநூறு கிராமும் இல்லை. வெள்ளவத்தையில் ஏறுகிற கூட்டத்துக்குள் 600 பக்க நாவலைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அப்பாவின் கண்ணுக்கு இது ஒத்துவரும் என்றுதான் நினைக்கிறேன். போனில் வெளிச்சம் பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிக்கிறது. இதில் அப்படியில்லை. திரைக்குள் மிகச்சிறிய குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தை ஆக்குகிறது. ஒரு பக்கம் வந்து நின்றபிறகு அதை நிறுத்தி வைக்க மின்சாரமே தேவையில்லை. வெயிலில் பிடித்தால் தாள் மாதிரியே இன்னும் தெளிவாகத் தெரியும். இரவுக்கு இருக்கிற விளக்கும் ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் விழுகிறது. பற்றரி வாரக்கணக்கில் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சண்டை பிடிக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

தமிழ் வடிவாக வருகிறது. 2016 கடைசியில் அமேசன் தமிழ்ப் புத்தகங்களை எடுத்தது, இப்போது தேடினால் ஏராளம். எழுத்தை ஒரு வரிக்கு நாலைந்து சொல் வருகிற அளவுக்குப் பெருப்பிக்கலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், மதுரைத் திட்டம் என்ற இணையத்தளங்களில் இலவசமாகவும் எடுக்கலாம். இபப் என்கிற மின்நூல் கோப்பை 2022இலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினாலே போய்ச் சேர்கிறது. இந்தியாவில் மாதச் சந்தா கட்டி எவ்வளவும் வாசிக்கிறார்களே, அது மட்டும் என்னுடைய இலங்கை முகவரிக்குக் கிடைக்கவில்லை. தனித்தனியாகத்தான் வாங்குகிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நூலகத்து ஸ்கேன் பிடிஎஃபை இதில் வாசிக்க இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் கைவிட்டேன்.

செட்டியார் தெரு எழுதியது:

பிள்ளை, முதலில் ஒன்று கேட்கிறேன். இது அப்பாவுக்கா, உங்களுக்கா? 78 வயது மனிதருக்கு என்று தொடங்கிய கடிதத்தில் கல்குலேற்றர்தான் அதிகம் பேசுகிறது.

நான் பூபாலசிங்கம் புத்தகக்கடையில் நின்றபடியே பாதிப் புத்தகம் வாசித்து, மீதியை வாசிக்க வழியில்லாமல் வாங்கிய தலைமுறை. என்னுடைய புத்தகத்தை ஆறு பேர் வாசிப்பார்கள், ஏழாவது ஆள் திருப்பித் தரமாட்டார். உங்கள் பலகையில் வாங்குகிற புத்தகத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்? முன்பு அமேசனில் வாங்கியதைக் கணினிக்கு இறக்கி வைக்கவாவது விட்டார்கள். 2025 பெப்ரவரி 26உடன் அதையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்தது நீங்கள், சாவி அவர்களிடம்.

57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்து நூல்நிலையம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து நடை தூரம்தான். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தோடு கதைக்க நாலு மனிதரும் கிடைப்பார்கள்.

நாலாம் மாடி எழுதியது:

ஐயா, தமிழ்ச் சங்கத்துக்கு அப்பா போய்க்கொண்டுதான் இருந்தார். எங்கள் கட்டிடத்து லிப்ட் மாதத்தில் பாதி நாள் நிற்கும், அவருடைய முழங்கால் மாதம் முழுக்க நிற்கும். நாலு மாடி இறங்கி ஏறினால் அடுத்த இரண்டு நாள் தைலமும் சுடுதண்ணீர்ப் பையும்தான். நான் அலுவலகத்தால் வரும்போது எடுத்து வரலாம் என்றால், எனக்குப் பிடித்ததை எடுத்து வருகிறேன் என்று குறை சொல்கிறார்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசிக்கிறேன்.

பாமினிக்கு எதிரி எழுதியது:

எல்லோரும் கருவியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அப்பா வாசிக்கப் போவது எழுத்தா, எழுத்தின் படமா என்பதுதான் இங்கே விஷயம்.

கடையில் வாங்குகிற மின்நூலில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பெருப்பித்தால் வரி தானாக உடைந்து அடுத்த வரிக்குப் போகும். நூலகத்து ஸ்கேன் ஒரு புகைப்படம். பெருப்பித்தால் படம்தான் பெரிதாகும், திரை பெரிதாகாது. சாதாரண கிண்டிலின் திரை 6 அங்குலம் என்று சொல்வது மூலைக்கு மூலை. அகலம் 9 சென்ரிமீற்றர், உயரம் 12 அவ்வளவுதான். ஏ4 தாளில் பாதியான ஏ5 பக்கத்தின் அகலம் ஏறக்குறைய 15. அதை 9க்குள் அடக்கினால் எழுத்து 60 வீதமாகச் சுருங்கும். 10.3 அங்குலத் திரை 15.7க்கு 21 சென்ரிமீற்றர் வரும், அதில் ஏ5 பக்கம் உள்ளபடியே உட்காரும். ஆனால் அந்த அளவில் விலை இரண்டு மூன்று மடங்காகும், கையில் பிடிக்கப் பாரமும் கூட.

நம்பாவிட்டால் 48,000 செலவழிக்க முதல் முப்பது நாற்பது ரூபா செலவழியுங்கள். காலி வீதியில் இறங்கி ஏதாவது ஒரு போட்டோகொப்பிக் கடையில், அப்பா ஆசைப்படுகிற பழைய பக்கம் ஒன்றை 60 வீதத்தில் ஒரு பிரதி, உள்ள அளவில் ஒரு பிரதி, 141 வீதத்தில் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுங்கள். மூன்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். எதை வாசிக்கிறார் என்று பாருங்கள்.

கே2பிடிஎஃப்ஒப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பக்கத்து ஓரங்களை வெட்டி, சொல் சொல்லாக நறுக்கிச் சிறிய திரைக்கு அடுக்கித் தரும். சுத்தமான ஸ்கேனில் நன்றாக வேலை செய்யும். கடலை சுற்றிய தாள் மாதிரி மங்கின இதழ்களில் மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசி என்று நினைத்துவிடும். பிறகு 'கடல்' எது 'கடல' எது என்று அப்பா கணக்குப் போட வேண்டும்.

தம்பி கோபோ மின்வாசிப்பான் கொண்டு வரட்டுமா என்று கேட்டாலும் கேட்பார். அது டொரொண்டோவில் பிறந்த கம்பனி, 2012இலிருந்து ஜப்பானின் ரக்குட்டென் வசம். கேபிளில் போட்டு இபப் வாசிக்கலாம், வசதிதான். ஆனால் வாங்க முதல் ஒரு தமிழ் இபப்பைப் போட்டுக் கொம்பும் காலும் அதது இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக என் சொந்த வயிற்றெரிச்சல். சொந்தக்காரர் ஒருவர் அன்போடு அனுப்பிய குடும்ப வரலாறு வேர்ட் கோப்பில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. கிண்டிலில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக 80 பக்கம். யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகுதான் பாட்டனார் தெரிந்தார். உங்கள் அப்பா பழைய கணினியில் ஏதாவது தட்டி வைத்திருந்தால் அதற்கும் இதே கதைதான்.

கரையோர ரயில் எழுதியது:

போட்டோகொப்பி யோசனை நல்லது அண்ணா. 2019இல் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நாலாம் மாடி எழுதியது:

சனிக்கிழமை போட்டோகொப்பி எடுத்தேன். கடைப் பெடியன் "அன்ரி, எந்த சைஸ் வேணுமெண்டு முடிவெடுத்திட்டு வாங்கோ" என்றான். முடிவெடுக்கத்தான் எடுக்கிறேன் என்று அவனுக்கு விளக்க முடியவில்லை.

மூன்று தாளையும் அப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். 60 வீதத்தை எடுத்தார், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். உள்ள அளவில் இருந்ததை யன்னலடிக்குக் கொண்டுபோய் நாலைந்து வரி பார்த்தார். பிறகு ஏ4 தாளை எடுத்தவர், அப்படியே இருந்துவிட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது. "மற்றப் பக்கம் எங்கே பிள்ளை?" என்று சத்தம் போட்டபோதுதான் ஒரு பக்கம் மட்டும் எடுத்து வந்தது ஞாபகம் வந்தது.

ஆக, 6 அங்குலம் அப்பாவுக்குச் சரிவராது. 10.3 அங்குலமும் அந்த யன்னலடிப் பிரதி அளவுதான். தம்பியிடம் அவ்வளவு காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஏ4இல் எல்லாவற்றையும் பிரதி எடுத்தால் மறுபடி பெட்டி பெட்டியாகச் சேரும், மறுபடி இராமபாணம்.

அன்று பின்னேரம் மருமகன் வந்திருந்தான், பதினாறு வயது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏன் அன்ரி, ரீவியில போடலாமே" என்றான். என்னுடைய லப்டொப்பைக் கேபிளால் 32 அங்குல ரீவியோடு தொடுத்தான். இதழின் அரைப் பக்கம் திரை முழுக்க. முதலில் போன் மாதிரியே கூசுகிறது என்றார் அப்பா. வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, மஞ்சள் நிறத்தைக் கூட்டி, கதிரையை எட்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டோம். பிறகு முறைப்பாடு இல்லை. பக்கம் தள்ள ஒரு வயரில்லாத மவுஸ். அதை மடியில் ஒரு அப்பியாசக் கொப்பியின் மேல் வைத்து உருட்டுகிறார். முதல் நாள் ஒரே மூச்சில் ஒரு இதழ் முடிந்தது, விளம்பரங்கள் உட்பட. அந்தக் கால மில்க்வைற் சவர்க்கார விளம்பரத்தில்தான் கூட நேரம் நின்றார்.

செட்டியார் தெரு ஐயா, உங்கள் கேள்விக்கு இப்போது பதில். எனக்குத்தான். காலை ரயிலில் போனில் வாசித்துக் கழுத்துப் பிடித்துப்போனது எனக்கு, மாதம் ஒரு நாவல் போதாமல் இருந்ததும் எனக்கு. 48 வயதில் எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டும் என்று கேட்க வெட்கமாக இருந்திருக்கிறது, அப்பாவை முன்னுக்கு விட்டுவிட்டேன். தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்" என்றான். சாதாரண 6 அங்குலம் கொண்டு வருகிறான், 33,000 கணக்கு. அதிலும் பாதி நான் தருவதாகப் பேச்சு. தமிழ்நாட்டு நாவல்களை அதில் எழுத்தைப் பெருப்பித்து அப்பாவுக்கும் கொடுத்துப் பார்ப்பேன். அவருக்குப் பிடித்தால் எனக்கு ரயிலில் மறுபடி போன்தான், பரவாயில்லை.

ரீவி விஷயத்தில் ஒரே ஒரு சிக்கல். அம்மாவின் நாடகம் ஏழரைக்குத் தொடங்கும். ஆறரைக்கு உட்கார்ந்தால் அதற்குள் இரண்டு சிறுகதை முடிக்கலாம் என்று அப்பா கணக்குச் சொல்லியிருக்கிறார்.