தம்பிக்கு இதயத் தசைத் தடிப்பு, எனக்கும் அதே மரபணு மாற்றம்: பிள்ளைகளுக்கும் சோதனை தேவையா?

நெய்தல் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி எனப்படும் இதயத் தசைத் தடிப்பு நோய் இருப்பது எக்கோவில் தெரியவந்தது. மரபணுச் சோதனையில் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதாக அறிக்கை வந்தது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடும் சோதனையை நானும் செய்துகொண்டேன். எனக்கும் அது இருக்கிறது. ஆனால் என் எக்கோவும் ஈசிஜியும் இயல்பாகவே உள்ளன. பள்ளியில் படிக்கும் என் பிள்ளைகளுக்கும் இதே சோதனையைச் செய்யலாமா?

மரபியல் மாணவன்:
அம்மா, முதலில் பதற்றம் வேண்டாம். 2009இல் இம்மாற்றத்தைப் பற்றிய ஆய்வு வெளியானபோது, இந்தியத் துணைக்கண்டத்தினரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அதாவது 25 பேருக்கு ஒருவர். ஆனால் இந்நோயோ 500 பேரில் ஒருவருக்குத்தான் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே இம்மாற்றத்தைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. பிறகு 2018இல், அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடையே நடந்த ஆய்வொன்று, இந்த நீக்கம் (25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம்) உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் டி389வி என்ற இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், இதயத் தசையின் மாறுபாடுகள் அவர்களிடமே தெளிவாகத் தென்படுவதையும் காட்டியது. நீக்கத்தை மட்டும் தேடும் சோதனையின் கண்ணில் அந்த இரண்டாவது மாற்றம் படவே படாது. மரபணுவை முழுமையாக வரிசைப்படுத்திப் படித்தால்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற இதயநோய் மருத்துவர்:
மேலே சொன்னது சரியே. ஆனாலும் அதை வைத்து எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து, ஏனெனில் இந்நோய் நடுவயதுக்குப் பின்னும் தலைகாட்டக்கூடியது. தம்பியின் அறிக்கையை எடுத்து, எத்தனை மரபணுக்கள் படிக்கப்பட்டன, இந்நோயோடு தொடர்புள்ள இன்னொரு முக்கிய மரபணுவான எம்ஒய்எச்7 அவற்றில் உண்டா, வேறு மாற்றம் எதுவும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அந்த நீக்கம் ஒன்றே கிடைத்திருந்தால், நோய்க்கான காரணம் இன்னும் அகப்படவில்லை என்றே நான் கொள்வேன். அந்நிலையில் பிள்ளைகளிடம் நீக்கம் இல்லை என்று வந்தாலும் அவர்களுக்கு ஆபத்தில்லை என்று ஆகாது. நீக்கம் இருப்பதாக வந்தாலும் நோய் வரும் என்று பொருளில்லை. இரு வழியிலும் பயன் தராத சோதனையைக் குழந்தைகளுக்குச் செய்வானேன்? மாறாக, நோயை உண்டாக்குவது உறுதியான மாற்றம் தம்பியிடம் கிடைத்தால் நிலைமை வேறு. அப்போது உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இல்லையென்று தெரிந்தவர்கள் தொடர் கண்காணிப்பிலிருந்து விடுபடலாம். அதுவரை நீங்கள் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோவும் ஈசிஜியும் எடுத்துவாருங்கள்; பிள்ளைகளுக்கு எப்போது தொடங்குவது என்பதைக் குழந்தை இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

நெய்தல்:
மிக்க நன்றி ஐயா. தம்பியின் அறிக்கையில் அந்த ஒரு மாற்றத்தை மட்டுமே தேடியிருக்கிறார்கள். அப்படியானால் அவனுக்கு முழு மரபணுத்தொகையையும் படிக்கச் சொல்லலாமா?

மரபியல் மாணவன்:
தொடக்கத்திலேயே அது தேவையில்லை. இதயத் தசை நோய்களுக்கான மரபணுத் தொகுப்புச் சோதனையே (அந்நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களை மட்டும் படிப்பது) போதுமானது. இதே தடிப்பைப் போலத் தோன்றும் ஃபாப்ரி நோயின் ஜிஎல்ஏ மரபணு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்நோய்க்குத் தனி மருந்து உண்டு. படிக்கும் மரபணுக்கள் கூடக் கூட, பொருள் உறுதியாகாத மாற்றங்களும் கூடும். அமெரிக்காவில், கறுப்பின மக்களிடம் இயல்பாகக் காணப்படும் சில மாற்றங்களை நோய்க்காரணமென்று தவறாகக் குறித்தது 2016இல் வெளியான ஆய்வில் அம்பலமானது. ஒப்பிட்டுப் பார்த்த தரவுகளில் அம்மக்கள் மிகக் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். ஆகவே வரும் அறிக்கையை, இந்தியர்களின் மரபணுத் தரவோடு ஒப்பிட்டுப் படிக்கும் மரபியல் ஆலோசகரிடம் தம்பியுடன் சேர்ந்தே காட்டுங்கள்.