லாக்-இன்: ‘நிறுவனத்தளை’ என ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மின்னூலை வாங்கியவர் அதை விற்ற நிறுவனத்தின் கருவியையும் செயலியையும் விட்டு வெளியே வர இயலாத நிலைக்கு, அதாவது நாம் இதுவரை ‘லாக்-இன்’ (lock-in) என்றே எழுதி வந்ததற்கு, ‘நிறுவனப்பூட்டு’ என்ற சொல்லைச் சென்னை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். பார்த்த உடனே பொருள் விளங்கும் சொல்தான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. கோப்பை மறையாக்கம் செய்து குறிப்பிட்ட கணக்கில் மட்டும் திறக்க வைக்கும் டிஆர்எம் ஏற்பாட்டுக்கே ‘பூட்டு’ பொருந்தும். அது கோப்பின் மேல் இருப்பது. லாக்-இன் வாசகர் மேல் விழுவது.

இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று தோன்றுகிறது. பிரான்ஸில் பல நூலகங்கள் எல்சிபி என்னும் டிஆர்எம் முறையில் பூட்டிய, இபப் என்ற பொது மின்னூல் வடிவிலுள்ள நூல்களை இரவல் தருகின்றன. அம்முறையை ஏற்கும் எந்தச் செயலியிலும், அதை யார் உருவாக்கியிருந்தாலும், அவை திறக்கும். அங்கே பூட்டு உண்டு, லாக்-இன் இல்லை. மறுபுறம், டிஆர்எம் வேண்டாம் என்று பதிப்பாளரே தீர்மானித்த நூலிலும் வாசகரின் அடிக்கோடுகள், ஓரக்குறிப்புகள், விட்ட இடம் ஆகியவை விற்றவரின் கணக்கிலேயே தங்கிவிடக்கூடும். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, நூல்கள் திறக்காமல் போகும் என்று அறிவித்து அவற்றின் விலையைத் திருப்பித் தந்ததுடன், நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவும் வைத்தது. வாசகரைக் கட்டிவைப்பது நூல்கோப்பு மட்டுமன்று என்பதற்கு அந்த 25 டாலரே போதிய சான்று. அமேசானின் கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதி 2025 பிப்ரவரி 26இல் நிறுத்தப்பட்டதே, அதைப் பற்றி எழுதும்போதும் இந்த வேறுபாடு தேவைப்படும்: அன்று கோப்பின் பூட்டில் மாற்றம் எதுவும் இல்லை, வெளியேறும் வழிகளில் ஒன்று அடைபட்டது.

மொரீஷியஸில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது ஏட்டளவிலான வேறுபாடு அன்று. எங்கள் மாணவர்கள் வீட்டில் கிரியோல் பேசுபவர்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். இபப் கோப்பின் பெயரில் இறுதிப் பகுதியை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், ஒவ்வோர் இயலும் சாதாரண எக்ஸ்எச்டிஎம்எல் பக்கமாக, அதாவது வலைப்பக்கம் போல, உள்ளே இருக்கும். மறுவெளியீட்டுக்கு உரிமம் தரும் நூல் என்றால், அதில் ஒரு பக்கத்தை எடுத்துப் ‘போய்க்கொண்டிருந்தான்’ என்பதை அசைஅசையாகப் பிரித்து, அருஞ்சொல்லுக்குக் கீழே கிரியோல் பொருளை எழுதி, அச்சிட்டு வகுப்பில் கொடுத்துவிடுகிறேன். ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய சிறுவர் கதையில் எழுத்தைப் பெரிதாக்க முடிந்தது. பத்தியைப் பிரதியெடுக்க விடவில்லை, வேறு செயலிக்குக் கொண்டுபோகவும் விடவில்லை.

டர்பன் அன்பர் சினத்தோடு எழுதிய ‘வாசகக் கொத்தடிமை’யைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து போர்ட் லூயிஸில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவு இது. ஒப்பந்தம் என்றால் என்னவென்று டர்பன் அமைந்த நேட்டாலில் உள்ளவர்களுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நூலை வேறு கருவிக்கு மாற்ற முடியாத வாடிக்கையாளருக்கு அச்சொல் மிகை.

நான் முன்வைப்பது ‘நிறுவனத்தளை’. கட்டற்ற மென்பொருளைத் ‘தளையறு மென்பொருள்’ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் எதிர்ப்பக்கத்தில் இச்சொல் இயல்பாக வந்து அமர்கிறது. வினையும் தடையின்றிக் கிடைக்கிறது: வாசகர் தளைப்படுகிறார், நிறுவனம் தளைப்படுத்துகிறது. ‘பிணைப்பு’ என்பதை வேதியியலார் எடுத்துக்கொண்டு நெடுநாளாயிற்று. ‘சார்பு’ மிகவும் மென்மையானது, விரும்பினால் விலகலாம் என்ற தொனி அதில் உண்டு. யாப்பில் தளை என்பது சீரோடு சீர் சேரும் முறையாயிற்றே என்று புலவர்கள் கேட்கலாம். ‘நிறுவன’ என்ற முன்னொட்டு இருக்கும்போது வெண்டளையோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. பூட்டுடைக்காமலே, நிறுவனம் தரும் ஏற்றுமதி வசதியால் நூலையும் குறிப்புகளையும் பொது வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குத் ‘தளையவிழ்த்தல்’ என்று பெயரிடலாம். மொட்டு விரிவதைத் தளையவிழ்தல் என்று சங்கப் புலவர்கள் பாடியிருப்பதால் சொல்லும் புதிதன்று. ஒருவர் தனிமடலில் தெரிவித்த ‘தளத்தளை’யை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சோறு கொதிக்கும் ஓசைதான் கேட்கிறது.

‘எக்கோசிஸ்டம்’ என்பதற்குச் ‘சூழலமைப்பு’ என்று போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் காட்டுக்கு உரிய பெயரை ஒரே உரிமையாளரின் கடை, கருவி, செயலி மூன்றுக்கும் சேர்த்துச் சூட்டுவது விளம்பரக்காரர் வேலை. ‘வாசிப்பு வளாகம்’ போதும். ‘ஃபார்மட்’ என்பதற்குக் ‘கோப்புவடிவம்’ நிலைபெற்றுவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

தீராமல் இருப்பது ஒன்று. நம் சொல் தொகுப்பில் ‘நிறுவனத்தளை’ என்று சேர்த்து எழுதுவதா, ‘நிறுவனத் தளை’ என்று பிரிப்பதா? பிரித்தால் தேடுபொறியில் தளை தனியாக அகப்படும்; சேர்த்தால் தனிப் பதிவாக நிற்கும். நான் சேர்த்து எழுதும் பக்கம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் ஒவ்வொரு வாக்கியத்தில் அமைத்து அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து