மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு விடுபட்ட தடுப்பூசிகளை இப்போது போடலாமா?

நிலா அம்மா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு விரைவில் இரண்டு வயது நிறைவடைகிறது. குறைமாதத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்தவள். கைகால்கள் நான்கிலும் தசை இறுக்கம் இருப்பதால் மூளை முடக்குவாதம் என்று மருத்துவர்கள் உறுதி செய்திருக்கிறார்கள். வலிப்புக்கு லெவெடிராசிட்டம் சிரப் கொடுத்து வருகிறோம்; அளவை மாற்றிய பிறகு பல மாதங்களாக வலிப்பு வரவில்லை.

பிறந்தவுடன் போட்டவற்றையும் பென்டாவேலன்ட் என்னும் ஐந்து நோய்த் தடுப்பு ஊசியின் (கக்குவான் இருமலும் அதில் அடக்கம்) முதல் தவணையையும் தவிர அவளுக்கு வேறு எதுவும் போடப்படவில்லை. ஒரு முறை எடை போதாது என்றார்கள். ஒரு முறை சளி இருக்கிறது என்றார்கள். பிறகு வலிப்பு முழுவதும் நிற்கட்டும் என்றார்கள். கடைசியாகச் சென்றபோது, நரம்புக் கோளாறு உள்ள குழந்தைக்குக் கக்குவான் இருமல் ஊசி ஆகாது, ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலில் மறுபடியும் வலிப்பு தொடங்கிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே எங்கும் போகாத குழந்தைக்கு இத்தனை ஊசிகள் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள். ஊசியால் மூளையின் பாதிப்பு கூடுமா? இவ்வளவு காலம் விட்டுவிட்டதால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

குழந்தைநல மருத்துவர்

அம்மா, நேரடியான பதில்: ஊசியால் மூளையின் பாதிப்பு அதிகமாகாது; விடுபட்ட ஊசிகளை இப்போது போடலாம். மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் ஏற்கெனவே ஏற்பட்டு முடிந்த ஒரு காயத்தின் விளைவு. அந்தக் காயம் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போவதில்லை. எனவே அது எந்தத் தடுப்பூசிக்கும் தடை அல்ல. கட்டுப்பாட்டில் இருக்கும் வலிப்பும் தடை அல்ல. கக்குவான் இருமல் ஊசியைப் பொறுத்தவரை நாங்கள் தயங்குவது வேறு நிலைகளில்தான்: காரணம் இன்னதென்று தெரியாமல் நரம்புப் பாதிப்பு கூடிக்கொண்டே போகும் குழந்தைக்கும், வலிப்பு இன்னும் அடங்காத குழந்தைக்கும், நிலைமை தெளிவாகும் வரை அந்த ஊசியை ஒத்திவைப்போம். முன்பு போட்ட தவணைக்குப் பின் 7 நாட்களுக்குள், வேறு காரணம் எதுவும் இல்லாமல், நினைவு தப்பும் அளவுக்கு மூளை பாதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதை அறவே தவிர்ப்போம். உங்கள் மகள் இவற்றில் எதிலும் சேரவில்லை என்பது நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது. இருந்தாலும் அவளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் 'வலிப்பு கட்டுப்பாட்டில் உள்ளது, எல்லாத் தடுப்பூசிகளும் போடலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால், ஊசி போடும் இடத்தில் வாதாட வேண்டிய அவசியம் இராது.

கடைசி முறை தவிர, உங்களைத் திருப்பி அனுப்பிய யாரும் ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்று வேண்டாம் என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். இத்தகைய குழந்தைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இலேசான சளியோ, எடைக் குறைவோ, குறைமாதப் பிறப்போ ஊசியைத் தள்ளிவைக்கப் போதிய காரணங்கள் அல்ல; குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டே போட வேண்டும்.

முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இடைவெளி எவ்வளவு நீண்டிருந்தாலும் போட்ட தவணை போட்டதுதான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; ஒரே வருகையில் வெவ்வேறு இடங்களில் பல ஊசிகளைப் போடுவதும் பாதுகாப்பானதே. பென்டாவேலன்டின் மீதித் தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் விட வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா, போலியோ, நியூமோகாக்கல் (நிமோனியா தடுப்பூசி) ஆகியவற்றைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கு வயது வரம்பு உண்டு. உங்கள் மகளின் வயதில் அதைக் கொடுப்பதில்லை.

வெளியே போகாத குழந்தை என்ற வாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிருமியை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் வெளியே போய்வரும் நாம்தான். விழுங்குவதில் சிரமம், அடிக்கடி புரையேறுதல், சளியை இருமி வெளியேற்றப் போதாத தசை வலு, முதுகெலும்பு வளைவதால் விரிய இடமில்லாத நுரையீரல் ஆகிய இவை சேர்ந்த குழந்தைக்கு, மற்றக் குழந்தைகள் ஒரு வாரத்தில் தாண்டிவிடும் ஃப்ளூ காய்ச்சல்கூட நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். 2009ஆம் ஆண்டு எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பரவலின்போது அமெரிக்காவில் இறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், வேறு உடல்நலக் குறைபாடு ஏதேனும் இருந்த 227 பேரில் 146 பேருக்கு நரம்பியல் குறைபாடு இருந்தது. ஆகவே ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதன்முறையாகப் போடும் ஆண்டில் 4 வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை. வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

மூத்தவனின் அப்பா

சகோதரி, டாக்டர் சொன்னவற்றோடு வீட்டுப் பக்கத்துச் செய்திகள் சிலவற்றைச் சேர்க்கிறேன். என் மகன் இப்போது பள்ளிப் பருவத்தில் இருக்கிறான். அவனுக்கும் இதே பாதிப்புதான். ஊசி போடும் நாளில் வலிப்பு மருந்தின் வேளையைத் தவறவிடாதீர்கள். காலையில் கிளம்பும் அவசரத்தில் சிரப்பை மறந்துவிட்டு, மாலையில் வலிப்பு வந்தால் பழி ஊசியின் மேல் விழும். பென்டாவேலன்டுக்குப் பின் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் வந்துவிடும்; தட்டம்மை ஊசிக்கோ ஒரு வாரம் கழித்துத்தான் வரும். நாங்கள் நாட்காட்டியில் அந்த இரண்டாம் வாரத்தை வட்டமிட்டு வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குள் எல்லோரும் ஊசியை மறந்திருப்பார்கள்.

பாராசிட்டமாலைக் காய்ச்சல் வந்த பிறகு, குழந்தையின் எடைக்கு மருத்துவர் குறித்துத் தந்த அளவில் கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்து வைத்தால் வலிப்பைத் தடுத்துவிடலாம் என்று நம்பிவிட முடியாது என எங்கள் மருத்துவர் சொன்னார். வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் (கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த) உணவுமுறையில் இருக்கும் குழந்தை என்றால் சர்க்கரை சேர்த்த சிரப்பே சிக்கலாகிவிடும். சர்க்கரை இல்லாத மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கவலையுள்ள தாய்

மன்னிக்கவும், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் உறவில் ஒரு குழந்தை நன்றாகத்தான் இருந்தது. கக்குவான் இருமலும் சேர்ந்த முத்தடுப்பு ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்தது. அதன் பிறகு அதன் வளர்ச்சியே பின்தங்கிவிட்டது. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

குழந்தைநல மருத்துவர்

அம்மா, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. இதே அச்சம் 1970களில் பிரிட்டனையே உலுக்கியது. கக்குவான் இருமல் ஊசிக்குப் பின் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1974இல் ஓர் அறிக்கை வந்தது. அங்கே அந்த ஊசியைப் போட்டுக்கொள்வோர் 80 சதவீத அளவிலிருந்து 30 சதவீத அளவுக்குச் சரிந்தார்கள். 1977–79 பரவலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் இருமல் வந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2006இல், ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சாமுவேல் பெர்கோவிச்சின் குழு, ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 11 பேருக்கு எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவில் பிறழ்வு இருந்தது. டிராவே நோய்க்குறி என்னும் கடுமையான வலிப்பு நோய்க்குக் காரணமாவது அந்தப் பிறழ்வுதான். ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாகவே வெளிக்கொணர்ந்திருக்கலாம். நோயை உண்டாக்கியது ஊசி அல்ல. உங்கள் உறவுக் குழந்தைக்கும் இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மரபணுப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றால் கட்டாயம் செய்து பாருங்கள். ஏனெனில் அந்த நோய்க்குச் சில வலிப்பு மருந்துகளே ஆகாது.

இயன்முறை மருத்துவர்

ஊசி போடும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இறுக்கமான தசையில் போடும் ஊசி அதிகம் வலிக்கும். வலித்தால் இறுக்கம் இன்னும் கூடும். குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை அழுத்திப் பிடித்தால் கத்தரிபோல இரு கால்களும் பின்னிக்கொள்ளும். அதற்குப் பதிலாகத் தாயின் மடியில், இடுப்பும் முழங்காலும் மடங்கியபடி, முதுகைத் தாயின் மார்பில் சாய்த்து உட்கார வைத்து, தொடை தளரும் வரை சற்றுப் பொறுத்திருந்து, தொடையின் வெளிப்பக்கத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சதைப்பற்றுள்ள பக்கத்தைக் காட்டுங்கள். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிப்போடும் குழந்தை என்பதை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிலா அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாக்டர், ஒரு சந்தேகம். எங்கள் சிகிச்சை மையத்துக்கு வரும் இன்னொரு குழந்தைக்கு வெஸ்ட் நோய்க்குறி என்னும் கைக்குழந்தைப் பருவ வலிப்பு நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கும் இதே பதில் பொருந்துமா? வயிற்றுக் குழாய் வழியாக உணவு கொடுப்பதால் சொட்டு மருந்து கொடுக்க முடியாது என்றும் அதன் தாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குழந்தைநல மருத்துவர்

அந்தக் குழந்தைக்குப் பதில் மாறும். அதிக அளவில் ஸ்டீராய்டோ, உடலின் ஸ்டீராய்டுச் சுரப்பைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசியோ பெறும் காலத்தில் தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மை, வாய்வழி போலியோ போன்ற, வலுக்குறைந்த உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பு மருந்துகளைக் கொடுப்பதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை 14 நாட்களோ அதற்கு மேலோ பெற்றிருந்தால், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். உயிரற்ற ஊசிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வலிப்பு இன்னும் அடங்காமல் இருந்தால் கக்குவான் இருமல் ஊசியின் நேரத்தை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றபடி, அந்தக் காத்திருப்பு முடிந்த பின் வாய்வழித் தடுப்பு மருந்துகளை வயிற்றுக் குழாய் வழியாகவே செலுத்தலாம். குழாய் ஒரு தடை அல்ல. ஸ்டீராய்டு தொடங்கிய தேதியையும் நிறுத்திய தேதியையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வைக்கும்படி அந்தத் தாயிடம் சொல்லுங்கள்.