ஹை பெர்ஃபார்மன்ஸ் லீடர்ஷிப் ப்ராஜெக்ட், தாராவி பசங்களுக்கு: எப்படி ப்ளான் பண்றது?

மாட்டுங்காவாசி: மேடைப்பேச்சு பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் க்ளப்போட பாத்வேஸ் பயிற்சில லெவல் 5 வந்துட்டேன், அதுல ஒரு டீம வச்சு ஒரு திட்டத்த நடத்திக் காட்டுற ஹை பெர்ஃபார்மன்ஸ் லீடர்ஷிப் ப்ராஜெக்ட எடுத்திருக்கேன். மும்பை தாராவியில தமிழ் மீடியம் மாநகராட்சி ஸ்கூல் பசங்களுக்கு பேச்சுப் பயிற்சி நடத்தணும்னு ஆசை, தெருவுல அவ்ளோ பேசுற புள்ளைங்க க்ளாஸ்ல எழுப்பி விட்டா வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சயான்அக்கா: தம்பி, மொதல்ல கைடன்ஸ் கமிட்டி, அதாவது உங்களுக்கு ஆலோசனை சொல்ற குழு, குறைஞ்சது 3 பேர். எல்லாரையும் க்ளப்லயே எடுக்காதீங்க, அந்த ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் கண்டிப்பா வேணும், பரீட்சை எப்போ, எந்த ரூம் காலின்னு அவங்களுக்குத்தான் தெரியும். வேலை செய்ற டீம் வேற, அத தனியா சேருங்க. பசங்கள நேரா மேடையேத்தாம டேபிள் டாபிக்ஸ்ல (தயாரிப்பு இல்லாம கேட்ட கேள்விக்கு சட்டுனு பேசுறது) ஆரம்பிங்க, "உங்க தெருவுல தண்ணி எப்ப வரும்?"னு கேளுங்க, ஒரு நிமிஷம் தானா பேசிரும்.

செம்பூர்க்காரன்: இந்த ப்ராஜெக்ட்ல நீங்க ரெண்டு ஸ்பீச் குடுக்கணும், திட்டத்த சொல்லி ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு, க்ளப்ல தேதிய இப்பவே வாங்கிடுங்க. ஜூலைல மட்டும் வைக்காதீங்க, மழைல சயான் பக்கம் தண்ணி நின்னா யாரும் வரமாட்டாங்க, தீபாவளி லீவு முடிஞ்சு வைங்க.

மாட்டுங்காவாசி: ரொம்ப நன்றிக்கா, அண்ணா. நாளைக்கே டீச்சர பாக்குறேன்.