நாஜி காலத்து நட்சத்திர அட்டைகளைச் சேர்க்கலாமா?

பழைய_அட்டை:
1930களில் பெர்லினில் அச்சான நடிகர் நடிகையர் அஞ்சலட்டைகளைச் சேர்த்து வருகிறேன். ஆல்பத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், 'ஹிட்லர் ஆட்சியில் நடித்தவர்களை எதற்கு இப்படிப் பாதுகாக்கிறாய்?' என்று கேட்டுவிட்டார். இவை அந்தக் காலத்தின் சான்றுகள் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைகறை:
நண்பர் கேட்டது சரி. கிறிஸ்டினா ஸோடர்பாம் அட்டை உங்களிடம் உண்டா? 1940இல் வந்த 'யூத் ஸ்யூஸ்' படத்தின் நாயகி. இயக்கியவர் அவர் கணவர் ஃபைட் ஹார்லான். யூதர்கள் மேல் வெறுப்பைக் கிளப்பவே எடுத்த படம் அது. நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் படையின் தலைவர் ஹிம்லர் உத்தரவே போட்டார். அந்தச் சிரித்த முகத்தைக் காசு கொடுத்து வாங்க எனக்குக் கை வராது.

பழைய_அட்டை:
இருக்கிறது. ஆனால் அட்டைகளின் அடி ஓரத்தையும் பாருங்கள். பலவற்றில் 'ரோஸ்' என்று இருக்கும். அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கிய ஹைன்ரிஹ் ரோஸ் ஒரு யூதர். 1937இல் அவரை வெளியே தள்ளினார்கள். அவர் பெயர் மட்டும் அட்டையில் தொடர்ந்தது. 1941இல் அதுவும் போய் 'ஃபிலிம் ஃபோட்டோ' என்று மாறியது. அவர் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே இறந்தார். ஒரே நடிகையின் இரண்டு அட்டைகளை, முன்னதும் பின்னதுமாகப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பறிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. முதல்முறை அதைக் கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தறியோசை:
அப்புறம், நடித்த எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நடிகர் யோவாகிம் கோட்ஷால்க்கின் மனைவி யூதர். அவரைப் பிரியச் சொல்லி நெருக்கினார்கள், மறுத்துவிட்டார். 1941 நவம்பரில் மனைவியையும் சின்ன மகனையும் நாடுகடத்த ஏற்பாடானபோது மூவரும் உயிரை விட்டார்கள். அவர் அட்டையும் இதே ஆல்பத்தில்தான் வரும்.

வைகறை:
கோட்ஷால்க்கை நான் குறை சொல்லவே இல்லை. நடிகர் கான்ராட் ஃபைட்டும் 1933லேயே யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார். ஆனால் நடிகை சாரா லேயாண்டரை யார் நெருக்கினார்கள்? ஸ்வீடன்காரர். சம்பளத்தில் ஒரு பங்கு ஸ்வீடன் பணத்திலேயே வேண்டும் என்று பேசி ஜெர்மனிக்கு வந்தவர், 1943 வரை அங்கே நடித்தார். அட்டையில் பார்த்தால் கோட்ஷால்க்கும் இவரும் ஒன்றுபோல மின்னுகிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

பழைய_அட்டை:
இதை ஏற்கிறேன். இதுவரை அழகு பார்த்துத்தான் அடுக்கியிருந்தேன். இனி ஆண்டு வரிசையில் மாற்றி, ஒவ்வொருவரும் என்ன செய்தார், அவருக்கு என்ன ஆனது என்று கீழே எழுதப்போகிறேன். ஸோடர்பாமை எடுக்கமாட்டேன். அவர் அட்டைக்குக் கீழே அந்தப் படத்தின் பெயர் இருக்கும்.

வைகறை:
எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன். ஆனாலும் நான் வாங்கமாட்டேன்.