ஃபுளோரிடா அட்லாண்டிக் 2023: நடுவர் போட்ட பிச்சையா?

ஆந்தைவிழி:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சிறிய அணிகளின் எதிர்பாராத பருவங்களைப் பற்றிய பேச்சில் "பழைய கார்டு" நேற்று எழுதிய இரண்டு வரிகளைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "2023-ல் ஃபுளோரிடா அட்லாண்டிக் இறுதி நால்வரில் நின்றது நடுவர் போட்ட பிச்சை. அந்த ஜம்ப் பால் கிடைக்காமல் இருந்திருந்தால் முதல் சுற்றோடு மூட்டை கட்டியிருப்பார்கள்."

ஐந்து மாத உழைப்பை ஒரே ஒரு விசிலுக்குள் அடைத்துவிட்டார். தன் ஊரான போக்கா ரட்டனில் ஏறத்தாழ 2,900 பேர் மட்டுமே உட்காரக்கூடிய அரங்கில் ஆடிய அணி அது. அதற்கு முன், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் என்சிஏஏ தொடருக்கு (அதன் அரையிறுதிக் கட்டம்தான் இறுதி நால்வர்) அந்தப் பல்கலைக்கழகம் போனது ஒரே ஒரு முறை, 2002-ல். அங்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட அணி 2022 நவம்பரில் ஓல் மிஸ்ஸிடம் (மிசிசிப்பி பல்கலைக்கழக அணி) தோற்றது. அடுத்த சில நாட்களில் கெயின்ஸ்வில்லுக்கே போய் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியை 76-74 என்று வென்றது. அதன்பின் தோல்வியே இல்லாமல் தொடர்ந்து 20 வெற்றி. என்சிஏஏ தொடருக்குள் நுழையும்போது 31-3, அதாவது 31 வெற்றி, 3 தோல்வி. பருவம் முடிந்தபோது 35-4. இந்த 35-ல் எத்தனை ஆட்டங்களை நடுவர் பரிசளித்தார் என்று பழைய கார்டு எண்ணிச் சொல்லட்டும்.

பழைய கார்டு:
ஒன்று. ஒன்றே போதும். 2023 மார்ச் 17, கொலம்பஸ். மெம்பிஸ் 65-64 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் தரையில் உருண்ட பந்துக்காக எல்லோரும் விழுந்து புரண்டார்கள். மெம்பிஸ் வீரர்கள் ஆட்டத்தைச் சற்று நிறுத்த டைம் அவுட் கேட்டார்கள். நடுவர் கொடுக்கவில்லை. இரு அணியும் பந்தைப் பற்றியிருக்கின்றன, ஜம்ப் பால் என்று விசில் ஊதினார். இப்படிப்பட்ட பந்து எந்த அணியின் முறை என்று காட்டும் அம்புக்குறி ஃபுளோரிடா அட்லாண்டிக் பக்கம் காட்டியது. அவர்களுடைய நிக் பாய்ட் ஓடிப்போய்ப் போட்டார். 66-65. மற்றதெல்லாம் அதற்குப் பின் வந்தது. அந்த ஆட்டம் தோற்றிருந்தால் டென்னசி ஏது, கான்சாஸ் ஸ்டேட் ஏது?

நிலாமுற்றம்:
ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். "எதிர்பாராத பருவம்" என்று எதைச் சொல்கிறோம் என முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. தொடருக்கு வருமுன் 31 வெற்றி பெற்ற அணியை எதிர்பாராத அணி என்பதா? அல்லது தொடரின் தரவரிசையில் தன் பிரிவின் 16 இடங்களில் 9-ஆம் இடத்தில் வைக்கப்பட்ட அணி இறுதி நால்வருக்குப் போனதால் அப்படிச் சொல்கிறோமா? இரண்டும் வேறு வேறு.

ஆந்தைவிழி:
அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஜம்ப் பாலுக்கு வருகிறேன். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டைம் அவுட் வேண்டுமென்றால் பந்து அந்த அணியின் வீரர் கையில் உறுதியாக இருக்க வேண்டும். கேட்பவரும் களத்தில் இருக்கும் வீரராக இருக்க வேண்டும். பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கையைக் காட்டினால் செல்லாது; ஆண்கள் ஆட்டத்தில் 2015-லேயே அந்த விதி வந்துவிட்டது. தரையில் நான்கைந்து கைகள் ஒரே பந்தைப் பற்றியிருக்கும்போது அது யாருடைய பந்து? யாருடையதும் இல்லை. அதற்குப் பெயர்தான் ஜம்ப் பால். 1981-82 பருவத்திலிருந்து கல்லூரி ஆட்டத்தில் இப்படிப்பட்ட பந்தை அம்புக்குறிதான் தீர்மானிக்கிறது. அந்த அம்புக்குறியை ஃபுளோரிடா அட்லாண்டிக் யாருடைய வீட்டிலிருந்தும் திருடிக்கொண்டு வரவில்லை.

பழைய கார்டு:
டைம் அவுட் கேட்டார்கள். முதலில் பந்து மெம்பிஸ் வீரரின் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். மெம்பிஸ் பயிற்சியாளர் பென்னி ஹார்டவேயும் ஆட்டம் முடிந்ததும் அதையே சொன்னார்.

ஆந்தைவிழி:
தோற்ற அணியின் பயிற்சியாளர் வேறு என்ன சொல்வார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெம்பிஸுக்கு ஆடத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து நாட்களுக்கு முன்புதான் முதலிடத்தில் இருந்த ஹூஸ்டனை வீழ்த்தி இரு அணிகளும் ஆடிய கான்ஃபரன்ஸின் (கல்லூரிகளின் லீக்) கோப்பையை வாங்கியிருந்தார்கள். அவ்வளவு வலிமையான அணியைக் கடைசி நொடிவரை ஒரு புள்ளிக்குள் இழுத்துப் பிடித்தது யார்? நடுவரா?

கரிசல்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். அது "மெம்ஃபிஸ்". ஆய்த எழுத்தை இப்படி அநாதையாக விடாதீர்கள். ஃபுளோரிடாவுக்கு மட்டும் போடுகிறீர்கள், மெம்ஃபிஸுக்கு ஏன் போடுவதில்லை?

பழைய கார்டு:
நாளிதழ்களில் மெம்பிஸ் என்றுதான் பார்த்திருக்கிறேன். இங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கரிசல்:
எழுதுவதை ஒழுங்காக எழுதாதவர் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்திருப்பார் என்று எப்படி நம்புவது?

பழைய கார்டு:
கல்லூரிக் காலத்தில் நான்கு ஆண்டுகள் கார்டாக, பந்தைக் கொண்டுபோகும் இடத்தில், ஆடியவன் நான். பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஆய்த எழுத்து தேவையில்லை. டைம் அவுட் கேட்டார்கள்.

ஆந்தைவிழி:
நீங்கள் ஆடியவர் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதே வாயால் 2023 மார்ச்சில் நீங்கள் சொன்னதை இங்கே யாரும் மறக்கவில்லை. "இந்த ஆண்டு கோப்பை பர்டியூவுக்கே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். எழுதி வைத்துக்கொண்டேன். முதலிடம் தரப்பட்ட பர்டியூ, 16-ஆம் இடத்து ஃபேர்லீ டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றது. அதே ஃபேர்லீ டிக்கின்சனை அடுத்த சுற்றில் 78-70 என்று வென்றவர்கள் யார்? நீங்கள் பிச்சைக்காரர்கள் என்று சொல்கிற இவர்கள்தான்.

பழைய கார்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். முதல் சுற்றில் நடுவர் கைகொடுத்தார். இரண்டாம் சுற்றில் ஃபேர்லீ டிக்கின்சன் கைகொடுத்தது. பர்டியூவின் ஏழடிக்கு மேற்பட்ட ஸாக் ஈடியை எதிர்கொள்ள வேண்டியவர்கள், தொடரிலேயே உயரம் குறைந்த அணிகளில் ஒன்றை எதிர்கொண்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பர்டியூ விஷயத்தில் நான் தவறவில்லை, ஓராண்டு முந்திச் சொல்லிவிட்டேன். 2024-ல் இறுதி ஆட்டம்வரை போனார்கள், பார்த்தீர்கள் அல்லவா?

ஆந்தைவிழி:
போனார்கள். கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்கப் போனார்கள். நீங்கள் சொன்னது "கோப்பை". அதை விடுங்கள்.

ஃபேர்லீ டிக்கின்சன் ஆட்டத்தைப் பனம்பழம் என்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் ஜானெல் டேவிஸ் என்ன செய்தார் என்று தெரியுமா? 29 புள்ளி, 12 ரீபவுண்ட், 5 அசிஸ்ட், 5 ஸ்டீல். என்சிஏஏ தொடரின் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் 25, 10, 5, 5 என்ற அளவை நான்கிலும் எட்டிய முதல் வீரர் அவர். பனம்பழம் தானாக விழும். வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டை எம்பிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஊருக்குள் 2,900 பேர் முன்னால் ஆடிப் பழகிய பிள்ளைகள், நியூயார்க்கின் அந்த அரங்கில் டென்னசியை 62-55 என்று அடக்கினார்கள். இரண்டு நாள் கழித்துக் கான்சாஸ் ஸ்டேட். எதிரணியின் மார்க்விஸ் நோவெல் 30 புள்ளியும் 12 அசிஸ்டும் எடுத்தார், அந்தத் தொடரில் யாராலும் தடுக்க முடியாத ஆள். அப்படியும் 79-76. விளாடிஸ்லாவ் கோல்டின் 14 புள்ளி, 13 ரீபவுண்ட். டெக்சாஸ் டெக்கில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்தவர் அவர். பிரையன் கிரீன்லீ மினசோட்டாவிலிருந்து வந்தவர். ஜேலன் காஃப்னி கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். பெரிய இடங்கள் தேவையில்லை என்று விட்டவர்களையும் யாரும் தேடிப் போகாதவர்களையும் சேர்த்து, ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்கிப் பயிற்சியாளர் டஸ்டி மே ஆடவைத்த ஆட்டம் அது. யாரைத் தடுப்பது என்று எதிரணிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நீங்கள் இந்த ஆட்டங்களில் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தீர்களா? இல்லை, அந்த ஆறு நொடிக் காணொளியை மட்டும் நூறு முறை பார்த்தீர்களா?

பழைய கார்டு:
எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஆறு நொடியையும் பார்த்தேன். டைம் அவுட் கேட்டார்கள்.

நிலாமுற்றம்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 2006-ல் ஜார்ஜ் மேசன் 11-ஆம் இடத்திலிருந்து இறுதி நால்வருக்குப் போனது. 2018-ல் லயோலா சிகாகோவும் அப்படியே. அவற்றோடு 31-3 கணக்கில் வந்த அணியை ஒரே வரிசையில் வைக்கலாமா? பழைய கார்டு சொல்லும் "அதிர்ஷ்டம்" எந்த அளவுக்கு என்பதும் அதைப் பொறுத்ததுதானே?

கரிசல்:
லயோலாவை இழுக்காதீர்கள். அணியின் ஆன்மிக வழிகாட்டியான 98 வயது சிஸ்டர் ஜீனைக் காட்டிக் காட்டியே தொலைக்காட்சிக்காரர்கள் வீரர்களை மறைத்துவிட்டார்கள். அந்த அணி ஆடிய தடுப்பாட்டத்தைப் பற்றி இங்கே ஒருவராவது எழுதியிருக்கிறீர்களா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பழைய கார்டு:
லயோலாவை மதிக்கிறேன். ஜார்ஜ் மேசனையும் மதிக்கிறேன், கனெக்டிகட்டையே 86-84 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தியவர்கள். அவர்களுக்கு யாரும் அம்புக்குறி காட்டவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 31 வெற்றிகளில் எத்தனை பெரிய அணிகளுக்கு எதிராகக் கிடைத்தவை? கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ போன்ற சிறிய லீக்கில் ஆடினால் கணக்கு அழகாகத்தான் வரும். தேர்வுக் குழு 9-ஆம் இடத்தில் வைத்தது காரணமில்லாமல் இல்லை. அடுத்த ஆண்டு ஏறத்தாழ அதே வீரர்கள், அதே பயிற்சியாளர், நாட்டின் முதல் பத்து அணிகளுக்குள் வைத்துத் தூக்கிக் கொண்டாடினார்கள். என்ன ஆனது? 2024 முதல் சுற்றில் நார்த்வெஸ்டர்னிடம் 77-65. அந்தமுறை அம்புக்குறி வரவில்லை போலும்.

ஆந்தைவிழி:
நார்த்வெஸ்டர்ன் ஆட்டம் கூடுதல் நேரத்தில் போனது என்பதை வசதியாக விழுங்கிவிட்டீர்கள். அதே பருவத்தில் அரிசோனாவை இரண்டு கூடுதல் நேரம் போய் 96-95 என்று வென்றதையும் சேர்த்து விழுங்கிவிட்டீர்கள். அதன் பிறகு வீரர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். டஸ்டி மேயை மிச்சிகன் அழைத்துக்கொண்டது, கோல்டின் கூடவே போனார். டேவிஸை ஆர்க்கன்சா எடுத்தது. அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடாவுக்குப் போய் 2025-ல் சாம்பியன் பட்டமே வென்றார். நடுவர் தயவில் பிழைத்தவர்களையா இத்தனை பெரிய கல்லூரிகள் போட்டி போட்டு வாங்குகின்றன?

பழைய கார்டு:
பணம் கொடுத்தால் போவார்கள். அந்தப் பயிற்சியாளரும் ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருக்கவில்லை. உங்கள் உழைப்புக் கதை அங்கேயே முடிந்தது.

ஆந்தைவிழி:
டஸ்டி மேயைப் பற்றி இப்படி எழுத உங்களுக்கு உரிமை இல்லை. இண்டியானாவில் பாப் நைட்டிடம் மாணவ மேலாளராக இருந்து படிப்படியாக மேலே வந்தவர். 2018-ல் யாரும் சீந்தாத ஓர் இடத்துக்கு வந்து ஆறு பருவம் இருந்தார். ஆறு! முதல் வெற்றி வந்தவுடன் ஓடுகிற ஆள் அந்த ஏப்ரல் மாதமே போயிருப்பார்.

உங்கள் டைம் அவுட்டுக்கு வருகிறேன். கொடுத்திருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி முன்னிலை, சில நொடிகள் மீதம். பந்தை உள்ளே போட்டதும் கடிகாரத்தை நிறுத்த இவர்கள் ஃபவுல் செய்திருப்பார்கள். மெம்பிஸ் ஃப்ரீ த்ரோ போட வேண்டும். இரண்டும் விழுந்தாலும் வித்தியாசம் மூன்றுதான். ஒரு மூன்று புள்ளி வீச்சில் சமன். இப்படி ஆட்டம் எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம். நடந்ததையும் சரியாகச் சொல்லுங்கள்: அம்புக்குறி கொடுத்தது பந்தைத்தான், புள்ளியை அல்ல. இரண்டரை நொடி மீதமிருக்கும்போது பாய்ட் உள்ளே புகுந்து போட்டாரே, அதை யார் கொடுத்தார்கள்? மெம்பிஸின் ஐந்து பேரும் அங்கேதான் நின்றார்கள்.

பழைய கார்டு:
"எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான் நான் கேட்டது. நன்றி.

ஆந்தைவிழி:
என் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள். நான் சொன்னது வேறு. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அப்படியே கணக்குப் பார்ப்பதென்றால் ஏப்ரல் 1, ஹூஸ்டன் நகரில் நடந்த இறுதி நால்வர் ஆட்டத்தையும் எடுங்கள். சான் டியாகோ ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னிலை. மார்ட்டின் 26 புள்ளி எடுத்தார். கடைசியில் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் பயிற்சியாளர் பிரையன் டட்சரிடம் டைம் அவுட் மீதமிருந்தது, அவர் கேட்கவில்லை. லமாண்ட் பட்லர் தனியாகக் கொண்டுபோய் மணி அடிக்கும்போது வீசினார். 72-71. நேரம் முடிந்த நொடியில் எல்லாம் முடிந்தது. ஃபுளோரிடா அட்லாண்டிக் ரசிகர்கள் ஒருவராவது நடுவரைத் திட்டியதைக் கேட்டீர்களா? நான் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் பட்லர் நன்றாக ஆடினார், நாங்கள் தோற்றோம் என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது.

பழைய கார்டு:
பார்த்தீர்களா, டைம் அவுட் கேட்காத அணி வென்றது. கேட்ட அணிக்குக் கொடுக்கவே இல்லை.

கரிசல்:
நல்ல வேளை, சான் டியாகோவில் ஃ வரவில்லை.

நிலாமுற்றம்:
வரையறை பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை என்று தெரிகிறது. நான் விலகிக்கொள்கிறேன்.

ஆந்தைவிழி:
நிலாமுற்றம், போகாதீர்கள், உங்கள் கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன் பழைய கார்டு ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லட்டும். அந்தக் குவியலில் பந்து மெம்பிஸ் வீரர் ஒருவரின் கையில் மட்டுமே இருந்த நொடி எது? எந்தக் கோணத்துக் காணொளியில், எந்த நொடியில்? மீதியை அதற்குப் பிறகு எழுதுகிறேன். டென்னசி ஆட்டத்தைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது.

பழைய கார்டு:
அவர்கள் டைம் அவுட் கேட்ட நொடி.